அரை மணி நேரம்

ஒரு கடலை மிட்டாயை இரண்டாக உடைத்து இரண்டு பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்கிறார்கள். ஒருத்தி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு விளையாட ஓடிவிடுகிறாள். இன்னொருத்திக்குப் பத்து நிமிடத்தில் உதடு தடிக்கிறது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவக்கிறது. தொண்டை கரகரத்துக் குரல் மாறுகிறது. கடலை சொத்தையில்லை, பாகும் கெடவில்லை. ஒருத்திக்குச் சத்தான பண்டம் அடுத்தவளை ஏன் இந்தப் பாடு படுத்துகிறது?

இந்தக் கேள்வி பல வீடுகளில் எழுவதுதான். கேட்கும் விதம் மட்டும் மாறும். "எங்க காலத்துல பாலு, முட்டை, கடலையெல்லாம் யாருக்கு ஒத்துக்காமப் போச்சு?" என்று பாட்டி கேட்பார். "கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குனா சரியாப் போயிடும்" என்று பெரியப்பா சொல்வார். "அந்தப் பண்டத்தைக் குடுத்து விடாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பார் கிளாஸ் டீச்சர். மூவருக்கும் பிள்ளை மேல் அக்கறை உண்டு. ஆனால் பண்டத்தைத் தவிர்ப்பது பாதி வேலைதான். எங்கோ தவறி அது வாய்க்குள் போய்விட்டால், அடுத்த அரை மணி நேரத்தில் யார் என்ன செய்வது என்பது மீதிப் பாதி. நம் பள்ளிகள் பெரும்பாலும் யோசித்து வைக்காதது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

ஒரு இடுக்கி

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பெம்ப்ரோக் என்ற சிறு நகரம். சப்ரினா ஷானன் அங்கே உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வயது 13. பால், கடலை, சோயா மூன்றும் அவளுக்கு ஆகாது. ஆஸ்துமாவும் இருந்தது. விவரமான பெண். தன் ஒவ்வாமையைப் பற்றிப் பத்து வயதிலேயே வானொலியில் பேசியவள்.

2003 செப்டம்பரில் ஒரு நாள் மதியம் பள்ளிக் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினாள். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தாள். வறுவலில் பாலோ வெண்ணெயோ கிடையாது. ஆனால் அதே இடத்தில் பூட்டீன் என்ற பண்டமும் விற்றார்கள். வறுவலின் மேல் சீஸ் கட்டிகளைத் தூவிக் குழம்பு ஊற்றித் தருவது அது. சீஸ் பட்ட இடுக்கியாலேயே சப்ரினாவின் வறுவலையும் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் பிறகு கிடைத்த விளக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு பால் அவள் தட்டுக்கு வந்தது.

சாப்பாடு முடிந்து வகுப்பில் உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. ஆஸ்துமா என்றே நினைத்தாள். எழுந்து பள்ளி அலுவலகத்துக்கு நடந்தாள். அவளைக் காப்பாற்றக்கூடிய அட்ரினலின் ஊசி வேறோர் இடத்தில், அவளுடைய லாக்கரில் இருந்தது. ஆசிரியர் ஒருவர் ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் அவள் விழுந்துவிட்டாள். இதயம் நின்றது. மறுநாள் இறந்துபோனாள்.

இந்தச் சம்பவத்தை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. இதில் கொடியவர் யாரும் இல்லை. பிள்ளை கவனமானவள். மருந்து பள்ளிக்குள்தான் இருந்தது. உதவ ஆசிரியரும் ஓடினார். நேரம் மட்டும்தான் போதவில்லை. ஏன் அவ்வளவு வேகமாகத் தீர்ந்தது அந்த நேரம் என்று புரிந்துகொள்ள, உடம்புக்குள் போக வேண்டும்.

முதல் அறிமுகம் எந்த வாசல் வழியாக?

நம் நோய் எதிர்ப்பு மண்டலம் உள்ளே வரும் ஒவ்வொரு அந்நியப் புரதத்தையும் சோதிக்கிறது. பால், கடலை, இறால் எல்லாமே அந்நியப் புரதங்கள்தாம். ஆனால் குடல் வழியாக வருவதைச் சாப்பாடு என்று ஏற்றுக்கொள்ள உடம்புக்குப் பழக்கம் இருக்கிறது. சிலருக்கு இந்தப் பழக்கம் பிசகிவிடுகிறது. கரப்பான் வந்து வெடித்த குழந்தைத் தோலின் வழியாகக் கடலைத் தூளோ பாலோ முதலில் உள்ளே போனால், உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழுவினர் 2008-இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக் காட்டினார்கள். பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை 1.85 சதவீதம். இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளுக்கோ 0.17 சதவீதம்தான். பிரிட்டனில் அந்தக் காலத்தில் கைக்குழந்தைக்குக் கடலை தராமல் தள்ளிப் போடுவதே வழக்கம். இஸ்ரேலிலோ பல் முளைக்கும்போதே கடலை கலந்த மொறுமொறுப்பான பண்டத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு, கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. 2015-இல் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை. தின்றவர்களில் 3.2 சதவீதம்.

ஆகவே பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஒவ்வாமை இன்னும் வராத குழந்தைக்குச் சிறு வயதிலேயே ஊட்டுவது நல்லதுதான். ஆனால் ஒருமுறை உடம்பு எதிரி என்று குறித்துக்கொண்ட பிறகு, வீட்டில் 'பழக்குவது' உயிரோடு விளையாடும் காரியம். மில்லிகிராம் கணக்கில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும் சிகிச்சை ஒன்று உண்டு. அதை ஒவ்வாமை நிபுணர் முன்னிலையில், அவசர சிகிச்சைக்கு வசதியுள்ள இடத்தில் மட்டுமே தொடங்குவார்கள்.

இரண்டு சாவி

1921-இல் ஜெர்மனியில் இரண்டு மருத்துவர்கள் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரை எடுத்து, கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். மீனை எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிடும் பிராஸ்னிட்ஸின் தோல், அந்த ஓர் இடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமை மீனில் இல்லை, ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது. அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியரும், தனியாக சுவீடனில் ஒரு குழுவும் 1960-களின் பிற்பாதியில் அதைக் கண்டறிந்தார்கள். ஐஜிஇ என்று பெயர் பெற்ற எதிர்ப்புப் புரதம் அது.

பாலை எதிரியாகக் குறித்துக்கொண்ட உடம்பு, பாலுக்கென்றே ஐஜிஇ தயாரிக்கிறது. அது மாஸ்ட் செல் என்ற அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. தோல், மூச்சுக்குழல், குடல் என்று வெளியுலகம் நம்மைத் தொடும் இடங்களிலெல்லாம் மாஸ்ட் செல்கள் காவல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள் சிறு சிறு பொதிகளாக நிறைந்திருக்கின்றன. வங்கி லாக்கரைத் திறக்க நம் சாவியும் மேனேஜர் சாவியும் சேர வேண்டும் அல்லவா, அதுபோல ஒரே பால் புரதம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐஜிஇ-க்களைச் சேர்த்துப் பிடித்தால்தான் செல் திறக்கும். திறந்ததும் பொதிகள் அத்தனையும் சில நிமிடங்களில் வெளியே கொட்டிவிடும். இடுக்கியில் ஒட்டிய சீஸ் எவ்வளவு என்பது இங்கே பெரிதில்லை. அது செய்வது திறக்கும் வேலை மட்டும். சேதம் செய்வது நாமே சேர்த்து வைத்திருந்த சரக்கு.

தோலில் கொட்டினால் தடிப்பும் அரிப்பும். குடலில் என்றால் வயிற்று வலி, வாந்தி. மூச்சுக்குழலில் என்றால் வீக்கமும் இறுக்கமும், அதனால் இருமலும் வீசிங்கும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசிந்தால் ரத்த அழுத்தம் சரியும். பிள்ளை வெளிறி, துவண்டு, சோர்ந்து போகும். இவற்றில் பல ஒன்றாக, வேகமாக வருவதுதான் ஒவ்வாமை அதிர்ச்சி. மருத்துவர்கள் அனாஃபிலாக்சிஸ் என்பார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. "தடிப்பு வரலையே, வெறும் மூச்சிரைப்புதானே" என்று பள்ளியில் ஏமாந்துபோகும் இடம் இதுதான். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சாப்பிட்டுச் சற்று நேரத்தில் மூச்சு வாங்கினால், ஆஸ்துமாவே இருந்தாலும், முதல் சந்தேகம் சாப்பாட்டின் மேல் போக வேண்டும்.

எட்டு நிமிடம், முப்பத்து நான்கு நிமிடம்

பிரிட்டனில் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் ஒவ்வாமை அதிர்ச்சியால் நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2000-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். உணவால் வந்த அதிர்ச்சியில், சாப்பிட்டதற்கும் மூச்சோ இதயமோ நிற்பதற்கும் இடையே இருந்த நடு மதிப்பு 30 நிமிடம். சிலருக்கு இதற்கும் குறைவு. பள்ளி மதிய இடைவேளையைவிடச் சின்னது இந்த நேரம்.

இந்த நேரத்துக்குள் வேலை செய்யும் முதல் மருந்து அட்ரினலின். அது தளர்ந்த ரத்தக் குழாயை இறுக்குகிறது, இறுகிய மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது, இதயத்தைத் தூண்டுகிறது, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தணிக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் செட்டிரிசின், அவில் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினை மட்டுமே மறிக்கும். அதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அரிப்புக்கு அவை சரி. அடைக்கும் தொண்டையை அவை திறக்காது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு "கொஞ்ச நேரம் பாப்போம்" என்று காத்திருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்தாக முடிகிறது.

எங்கே போடுவது என்பதும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கனடாவின் வினிபெக்கில் எஸ்டெல் சைமன்ஸ் 1998-இல் பிள்ளைகளிடம் அளந்து பார்த்தார். தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் ரத்தத்தில் உச்ச அளவை எட்ட எட்டு நிமிடம் ஆனது. தோலுக்கு அடியில் போட்டதற்கு 34 நிமிடம். அதனால்தான் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. அவசரம் என்றால் யூனிஃபார்ம் துணியின் மேலேயே போடலாம்.

மேலை நாடுகளில் இதற்குப் பேனா வடிவ ஊசி உண்டு. தொடையில் வைத்து அழுத்தினால் சரியான அளவு தானே இறங்கும். எபிபென் அதில் பெயர் பெற்றது. நம் ஊர் மருந்துக் கடைகளில் இவை எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அட்ரினலின் ஆம்பூல் கிடைக்கும். விலையும் மிகக் குறைவு. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கும். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். இரண்டாம் வகுப்பில் 20 கிலோ எடையுள்ள பிள்ளை என்றால் 0.2 மில்லி. பதற்றத்தில் யாரும் இதைக் கணக்குப் போடக் கூடாது. மருத்துவர் தாளில் எழுதித் தர வேண்டும். சிரிஞ்சில் அந்தக் கோட்டை மார்க்கரால் குறித்து வைக்க வேண்டும். ஆம்பூலை உடைப்பது, உறிஞ்சுவது, குத்துவது மூன்றையும் பெற்றோரும் இரண்டு ஆசிரியர்களும் மருத்துவர் முன்னால் செய்து பழகியிருக்க வேண்டும்.

ஊசி போட்டவுடன் 108. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. ஆகையால் எப்போதும் இரண்டு ஆம்பூல், இரண்டு சிரிஞ்ச். பிள்ளை தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அதிர்ச்சி மறுபடி திரும்புவதுண்டு.

நடக்க விடக் கூடாது

சப்ரினா அலுவலகத்துக்கு நடந்து போனாள் என்ற விவரம் சாதாரணமாகத் தெரியும். உடம்பு சரியில்லை என்றால் எந்தப் பள்ளியிலும் பிள்ளையை ஆபீஸ் ரூமுக்கு அனுப்புவதுதானே வழக்கம். ஆனால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து கிடக்கும் நேரத்தில் எழுந்து நின்றால், உள்ள ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி இதயம் வெறுமையாகிவிடும். எழுந்து நின்ற அல்லது உட்கார்ந்த கணத்திலேயே உயிர் பிரிந்தவர்களைப் பற்றி அதே பம்ஃப்ரி 2003-இல் எழுதினார். பிள்ளையை இருந்த இடத்திலேயே படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சு விட முடியாமல் திணறினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். மருந்துதான் பிள்ளையிடம் வர வேண்டும்.

வாசனையும் கரண்டியும்

பயந்துபோன பெற்றோர் எதற்கெல்லாமோ பயப்படுகிறார்கள். பக்கத்து பெஞ்சில் யாராவது கடலை தின்றாலே ஆபத்து என்று பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கச் சொல்கிறார்கள். இந்தப் பயம் பிள்ளையைத்தான் தண்டிக்கிறது. நியூயார்க்கில் கடுமையான கடலை ஒவ்வாமை உள்ள 30 பிள்ளைகளைக் கடலை வெண்ணெயின் வாசனையை முகரச் செய்தார்கள், தோலிலும் தடவிப் பார்த்தார்கள். தடவிய இடத்தில் சிலருக்குச் சிவந்ததோடு சரி. ஒருவருக்கும் அதிர்ச்சி வரவில்லை. வாசனையில் புரதம் இல்லை என்பதே காரணம். இறாலோ மீனோ கொதிக்கும்போது எழும் ஆவி வேறு விஷயம். அதில் புரதம் ஏறி வரும். சமையற்கட்டுப் பக்கம் அந்தப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது கரண்டிக்கு. சத்துணவுக் கூடத்தில் அவித்த முட்டையை உரித்த கையே பக்கத்துத் தட்டில் சோறு போடும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தப் பழத்தை யார், எந்தக் கையால் எடுத்துக் கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. முட்டை ஆகாத பிள்ளைக்கு வரிசையில் முதல் இடம் கொடுத்து, முட்டைப் பாத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே பரிமாறிவிட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. அமைப்பாளர் அம்மாவுக்கு இது ஒரு நிமிட வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அப்படியே. கடலைப் புரதத்தைச் சோப்பு நீக்கிவிடுகிறது. கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லுமே தவிர, புரதத்தைக் கையிலேயே பரப்பி வைக்கும்.

எண்ணெயிலும் ஒரு நுட்பம் உண்டு. 1997-இல் பிரிட்டனில் கடலை ஒவ்வாமை உள்ள 60 பேருக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெயும் சுத்திகரிக்காததும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வகையால் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. இரண்டாம் வகைக்கு ஆறு பேருக்கு எதிர்வினை வந்தது. சுத்திகரிப்பில் புரதம் போய்விடுகிறது, செக்கில் ஆட்டியதில் தங்கிவிடுகிறது. உடம்புக்கு நல்லது என்று நாம் தேடி வாங்கும் செக்கு எண்ணெய் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. நல்லெண்ணெய்க்கும் இதே கதைதான். எள் ஆகாத பிள்ளைக்கு இட்லிப் பொடியும் எள்ளுருண்டையும் மட்டுமல்ல, அடுத்த டிபன் பாக்ஸிலிருந்து வரும் புளியோதரையும் ஆகாது. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது. பால், முட்டை, மீன், கடலை, சோயா போன்றவற்றை லேபிளில் தனியாக அறிவிக்க வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. எள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு தாளில் எழுதியது

சப்ரினாவின் மரணத்துக்குப் பின் ஒண்டாரியோ சட்டமன்றம் 2005-இல் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. 2006 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதி வைக்க வேண்டும், ஊழியர்களுக்கு முறையாகப் பயிற்சி தர வேண்டும் என்கிறது அது. அவசரத்தில் நல்லெண்ணத்தோடு ஊசி போடும் ஆசிரியர் மீது வழக்கு வராது என்றும் உறுதி தருகிறது. அந்த மாகாணத்தின் ஸ்கார்பரோ பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் இந்தச் சட்டத்தின் நிழலில்தான் இருக்கிறார்கள்.

இந்தியாவில் உணவு ஒவ்வாமை அரிது. கர்நாடகப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வு ஒன்று 0.14 சதவீதம் என்றது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒன்றிரண்டு பேர். அரிது என்பதால்தான் பள்ளிக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாததால் அந்த ஒன்றிரண்டு பேருக்கு ஆபத்து கூடுகிறது. சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு தாள் போதும். பிள்ளையின் புகைப்படம், எது ஆகாது, எந்த அறிகுறி வந்தால் ஊசி, எவ்வளவு, எங்கே இருக்கிறது, போடத் தெரிந்த இருவர் யார், அவர்கள் விடுப்பில் இருந்தால் யார், பெற்றோரின் செல் எண். மருத்துவர் கையெழுத்திட்ட அந்தத் தாளை ஹெச்.எம். அறையிலும் வகுப்பிலும் சத்துணவுக் கூடத்திலும் ஒட்டி வைக்கலாம். ஊசிப் பெட்டி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கோ சுற்றுலாவுக்கோ போனால் பெட்டியும் கூடவே போக வேண்டும்.

பிள்ளைக்கும், பக்கத்தில் இருப்பவளுக்கும்

ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாக்கியங்கள் சொல்லத் தெரிந்தால் போதும்: "எனக்கு முட்டை ஆகாது." "எனக்கு என்னமோ பண்ணுது." இரண்டாவதுதான் முக்கியம். சின்னப் பிள்ளைகள் மூச்சடைக்கிறது என்று சொல்வதில்லை. நாக்கு எரிகிறது, தொண்டையில் என்னமோ மாட்டிக்கொண்டது, வாய் கூசுகிறது என்பார்கள். டீச்சருக்கு இந்தச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். பாத்ரூமுக்குத் தனியாகப் போய் வாந்தி எடுக்கிறேன் என்று கிளம்பும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது.

பதின்ம வயதில் கவலை வேறு வகை. உணவு ஒவ்வாமையில் உயிரிழப்பவர்களில் இந்த வயதினரும் இளைஞர்களும்தான் அதிகம். தோழர்கள் முன்னால் கேள்வி கேட்கக் கூச்சம், ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வெட்கம், ஒரு வாய்தானே என்ற துணிச்சல். திட்டுவதால் இது மாறாது. நெருங்கிய தோழிகள் இருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் மாறும். வகுப்பில் ஒரு பிள்ளை சாப்பிட்டபின் மூச்சுத் திணறினால், ஒருத்தி அவளைப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இன்னொருத்தி ஊசிக்காக ஓட வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது கடினமே இல்லை. கேலி செய்பவர்களாகப் பார்க்காமல் பொறுப்புள்ளவர்களாக நடத்தினால் அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பிள்ளையின் எடை ஏறியிருக்கும், மருந்தின் அளவும் மாறும். ஆம்பூலின் காலாவதித் தேதி, வெயிலில் கிடந்து நிறம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருக்கலாம். ஒவ்வாமையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒருவருக்குத்தான் போகிறது. போய்விட்டதா என்று பார்ப்பது மருத்துவர் முன்னால் செய்யும் சோதனை. அதுவரை பழைய தாளில் புதிய எடையையும் புதிய அளவையும் எழுதி, மூன்று இடத்திலும் மாற்றி ஒட்ட வேண்டும்.